வெறும் போட்டோ ஃபிரேமை வீட்டிலேயே அலங்கரிக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூல், பட்டன், துண்டுத் துணி, மிச்சமான பெயின்ட் என்று வீட்டில் கிடப்பதை வைத்தே ஒரு சாதாரண ஃபிரேமை அழகாக்கிவிடலாம். யோசனைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒட்டியது ஏன் சில வாரங்களில் பெயர்ந்து வருகிறது, கண்ணாடி ஏன் திரும்ப உள்ளே போக மறுக்கிறது, காகிதம் ஏன் குமிழ் விடுகிறது என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் குறை அலங்காரத்தில் இருக்காது, அதற்கு அடியில் இருக்கும் பரப்பில்தான் இருக்கும். அதனால் கீழே பரப்புக்கும் பசைக்கும் கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்த மாதிரி ஃபிரேம் எடுத்தால் வேலை சுலபம்?

முகப்பு தட்டையாக, குறைந்தது 3 செ.மீ. அகலமாக, பாலிஷ் போடாத மரத்திலோ எம்.டி.எஃப். பலகையிலோ (மர நாரை அழுத்திச் செய்த பலகை) செய்ததாக இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். பெயின்ட், காகிதம், துணி, நூல் எல்லாமே அதில் நிற்கும். வளைவும் வரியும் உள்ள ஃபிரேமுக்குப் பெயின்ட் நன்றாக இருக்கும். காகிதம் ஒட்டினால் பள்ளங்களில் தூக்கிக்கொண்டு நிற்கும். 1 செ.மீ. அகலமே உள்ள மெல்லிய ஃபிரேம் என்றால் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடுங்கள். அதன் மேல் பட்டனும் மணியும் ஏற்றினால் நெரிசலாகத்தான் தெரியும்.

கையில் இருப்பது மரமா, எம்.டி.எஃப்.-ஆ, பிளாஸ்டிக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்பக்கத்தைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கண்ணாடி உட்காருவதற்காக உள் ஓரத்தில் படி மாதிரி வெட்டியிருப்பார்களே, அந்தக் காடியில்தான் உண்மை தெரியும். நார் ஓடும் கோடுகள் இருந்தால் மரம். பழுப்பு நிறத்தில், கோடே இல்லாமல், தூளை அழுத்தி வைத்தாற்போல ஒரே சீராக இருந்தால் எம்.டி.எஃப். உள்ளும் புறமும் ஒரே நிறமாக, மூலையில் இணைப்புக் கோடே இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் வார்த்து எடுத்த பிளாஸ்டிக்.

இன்னொரு வகையும் உண்டு. பார்க்க மரம் போலவே இருக்கும். ஆனால் உள்ளே எம்.டி.எஃப்., மேலே மரக்கோடு அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள். பின் ஓரத்தில் அந்தத் தாள் முடியும் விளிம்பு நகத்தில் தட்டுப்படும். மரம் என்று நம்பி அப்படியே பெயின்ட் அடித்தால், காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டினாலே பட்டையாக உரிந்து வரும்.

அலங்கரிக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

கண்ணாடி, போட்டோ, பின் அட்டை மூன்றையும் கழற்றித் தனியாக வையுங்கள். கண்ணாடியை உள்ளே வைத்துக்கொண்டே பெயின்ட் அடிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். பெயின்ட் கண்ணாடிக்கும் மரத்துக்கும் இடையில் இறங்கிக் காய்ந்துவிட்டால் பிறகு கழற்றும்போது உடைய வாய்ப்பு அதிகம்.

அப்புறம் ஈரத்துணியில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டுத் துடைத்து, சுத்தமான ஈரத்துணியால் இன்னொரு முறை துடைத்துக் காயவிடுங்கள். கை எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. பாலிஷ் போடாத மரமானால் சோப்பு வேண்டாம், காய்ந்த துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

இப்போது ஒரு சின்ன சோதனை. விரலால் ஒரு துளி தண்ணீரை ஃபிரேமின் மேல் வையுங்கள். துளி பரவி, மரத்தை ஈரமாக்கி உள்ளே இறங்கினால் பசையும் பெயின்டும் அங்கே பிடித்துக்கொள்ளும். உருண்டையாக முத்துப்போல நின்றால் அந்தப் பரப்பு எதையும் உள்ளே விடாது என்று பொருள். அப்படி இருந்தால் 220 எண் உப்புத்தாளால் பளபளப்பு முழுவதும் மங்கும்வரை தேய்த்து, தூசி துடைத்து, பெயின்டுக்கு அடியில் பிடிப்புக்காகப் பூசும் பிரைமரை ஒரு கோட் அடியுங்கள். கரடுமுரடான மரமானால் முதலில் 120, பிறகு 220. தேய்ப்பது நார் ஓடும் திசையிலேயே இருக்கட்டும். குறுக்கே தேய்த்தால் விழும் கீறல் பெயின்டுக்கு மேலும் தெரியும்.

எம்.டி.எஃப். பலகையின் முகப்பு வழுவழுப்பாக இருந்தாலும், வெட்டுப்பட்ட ஓரங்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். ஓரங்களுக்கு மட்டும் பிரைமரை இரண்டு முறை கொடுங்கள். பிரைமர் இல்லையா, வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து தடவிக் காயவிட்டாலும் ஓரளவு அடைத்துக்கொள்ளும்.

பசைகளில் எதை எதற்குப் பயன்படுத்துவது?

தச்சு வேலைக்கும் பள்ளிக்கூடப் பிராஜெக்டுக்கும் எடுக்கும் வெள்ளைப் பசைதான் இந்த வேலையில் பாதிக்கு மேல் செய்கிறது. தண்ணீர் ஆவியானால்தான் அது இறுகும். ஆகவே ஒட்டும் இரண்டு பரப்பில் ஒன்றாவது ஈரத்தை உறிஞ்சக்கூடியதாக இருக்க வேண்டும். மரத்தில் காகிதம், மரத்தில் துணி, எம்.டி.எஃப்.-இல் சணல் எல்லாம் சரி. பிளாஸ்டிக் ஃபிரேமில் கண்ணாடி மணியை இதால் ஒட்டினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் நாள்கணக்கில் வெண்மையாகவே கிடக்கும், கடைசியில் உதிரும். ஒரு மணி நேரத்தில் காய்ந்தது போலத் தெரிந்தாலும் முழு பலம் வர 24 மணி நேரம் கொடுங்கள்.

ஹாட் க்ளூ கன் எல்லோருக்கும் பிடிக்கும், காரணம் அதன் வேகம். எனக்கு அதன் மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. உருகிய பசை குளிர்ந்து இறுகும்போது பரப்பின் சொரசொரப்பில் கவ்விக்கொள்வதால்தான் அது நிற்கிறது. வழுவழுப்பான பிளாஸ்டிக்கிலும் உலோகத்திலும் கவ்வ ஒன்றும் இல்லாததால் ஒரு தட்டுத் தட்டினால் முழுசாகக் கழன்று வந்துவிடும். வெயில் படும் ஜன்னலோரத்தில் இளகவும் செய்யும். ரிப்பன், லேஸ், துணிப்பூ, சணல் முடிச்சு போன்ற லேசான, நார் உள்ள பொருள்களுக்கு நல்லது. வேலை முடிந்ததும் சிலந்தி நூல் போலத் தொங்கும் பசை இழைகளை எடுத்துவிட மறக்காதீர்கள்.

சூப்பர் க்ளூ சின்னச் சின்னக் கற்களுக்கும் உலோகத் துண்டுகளுக்கும் பயன்படும். ஆனால் காயும்போது சுற்றிலும் வெள்ளைப் புகை படிந்தது போல ஒரு மங்கல் விடும். கறுப்பு ஃபிரேமில் அது அசிங்கமாகத் தெரியும். இன்னொன்று, பஞ்சுத் துணி அல்லது பஞ்சின் மேல் சூப்பர் க்ளூ கொட்டினால் திடீரென்று சூடேறும், தோலைச் சுட்டுவிடும். துடைக்கப் பஞ்சை எடுக்கவே கூடாது.

கூழாங்கல், கண்ணாடித் துண்டு, கனமான ப்ரோச் போன்றவற்றுக்கு இரண்டு டியூபாக வரும் எபாக்சிதான் சரி. இரண்டையும் சம அளவில் கலந்து, சொன்ன நேரத்துக்குள் ஒட்டிவிட வேண்டும். குச்சியாக வரும் க்ளூ ஸ்டிக் காகிதத்தைக் காகிதத்தில் ஒட்ட மட்டுமே; ஃபிரேமில் அதை நம்பினால் ஓரங்கள் சுருண்டு எழுந்து நிற்கும்.

பெயின்ட் அடித்தால் பிரஷ் கோடு கோடாக விழுகிறதே?

அனேகமாக ஒரே கோட்டில் முடித்துவிடப் பார்க்கிறீர்கள். அக்ரிலிக் பெயின்ட் 20, 30 நிமிடத்தில் தொடும் அளவுக்குக் காய்ந்துவிடும் என்பதால் மெல்லியதாக இரண்டு மூன்று கோட் கொடுப்பதில் ஒன்றும் சிரமம் இல்லை. மழை நாளில் கொஞ்சம் கூடுதல் நேரம் விடுங்கள். பாதி காய்ந்த இடத்தில் திரும்பப் பிரஷ் ஓட்டுவதுதான் கோடு விழக் காரணம். அது இழுத்துக்கொண்டு வரும். விட்டுவிட்டு அடுத்த கோட்டில் சரிசெய்யுங்கள். முதல் கோட் காய்ந்ததும் மரத்தின் நார் ஈரத்தில் எழும்பிக் கைக்குச் சொரசொரவென்று இருக்கும். 220 உப்புத்தாளை லேசாக ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு இரண்டாவது கோட் அடித்தால் கடையில் வாங்கிய வழுவழுப்பு வரும். தட்டையான ஃபிரேமுக்குப் பிரஷைவிட ஸ்பாஞ்ச் துண்டால் ஒற்றி எடுப்பது இன்னும் சுலபம்.

காடிக்குள் பெயின்ட் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கோட் அங்கே சேர்ந்தால் அளவெடுத்து வெட்டிய கண்ணாடி உள்ளே இறங்காது. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும் உள் விளிம்புவரை அடித்தால் போதும்.

எனக்கு வரையவே தெரியாது. டிசைன் எப்படிப் போடுவது?

புள்ளி வையுங்கள். பென்சிலின் பின்பக்க ரப்பர், தீக்குச்சியின் முனை, காது குடையும் பட்ஸ், பால்பாயின்ட் பேனாவின் மூடி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுப் புள்ளி தரும். ஒவ்வொரு புள்ளிக்கும் பெயின்டைப் புதிதாகத் தொட்டால் எல்லாம் ஒரே அளவில் வரும். ஒரு முறை தொட்டு நான்கைந்து வைத்தால் பெரியதிலிருந்து சிறியதாகத் தேய்ந்து வரும். இரண்டுமே அழகுதான், எது வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

நேர்க்கோடு வேண்டுமானால் மாஸ்கிங் டேப். டேப்பை ஒட்டிய பிறகு அதன் ஓரத்தில் முதலில் அடிநிறத்தையே ஒரு முறை தடவிக் காயவிடுங்கள். டேப்புக்கு அடியில் கசிவதெல்லாம் அடிநிறமாகவே கசிந்து இடுக்கை அடைத்துவிடும். அதன் மேல் புது நிறம் அடித்தால் கோடு கத்தியால் வெட்டியது போல வரும். பெயின்ட் முழுக்கக் காய்வதற்கு முன்பே, டேப்பைத் தன் மேலேயே மடித்தாற்போல மெதுவாக உரியுங்கள்.

வடிவம் வெட்டிய தாளை வைத்து நிறம் ஒற்றும் ஸ்டென்சிலுக்கு ஒரே விதி: ஸ்பாஞ்சில் பெயின்ட் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு அடியுங்கள்.

பூப்போட்ட டிஷ்யூ நாப்கினை ஒட்டினால் கிழிகிறது, சுருங்குகிறது. என்ன செய்ய?

நாப்கின் பொதுவாக இரண்டு மூன்று அடுக்காக வரும். அச்சு இருப்பது மேல் அடுக்கில் மட்டும்தான். ஒரு மூலையை விரல்களுக்கு நடுவே உருட்டினால் அடுக்குகள் பிரியும். அடியில் உள்ள வெள்ளை அடுக்குகளை உரித்து எறிந்துவிடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டினால் பசை முதல் அடுக்கோடு நின்றுவிடும், மற்றவை உள்ளே காற்றோடு உப்பிக்கொண்டு நிற்கும்.

மிஞ்சுவது கண்ணாடி போல மெல்லிய தாள். அதன் வழியாக அடிநிறம் தெரியும் என்பதால் ஃபிரேமுக்கு முதலில் வெள்ளை அல்லது கிரீம் அடித்துக்கொள்ள வேண்டும். கறுப்பின் மேல் ஒட்டினால் பூ காணாமல் போய்விடும். பூவைக் கத்தரியால் வெட்டுவதைவிட, ஈரப் பிரஷால் பூவைச் சுற்றிக் கோடு போட்டு, அந்த ஈரத்தில் கையால் கிழித்து எடுங்கள். கிழிந்த ஓரம் நிறத்தோடு கலந்துவிடும், வெட்டிய ஓரம் தனியாகக் கோடாகத் தெரியும்.

பசை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து ஃபிரேமில் மெல்லியதாகத் தடவி, தாளை நடுவிலிருந்து ஓரத்துக்கு இறக்குங்கள். மேலே பிரஷை நேரடியாக ஓட்டினால்தான் கிழிகிறது. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையை மேலே விரித்து, அதன் மேல் விரலால் நீவிவிட்டு உறையை உரித்து எடுத்தால் தாள் அப்படியே இருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு மேலே ஒரு கோட் பசைக்கலவை. அதற்குப் பிறகும் ஓரிரு சுருக்கம் இருந்தால் விட்டுவிடலாம், இந்த வேலைக்கு அது ஒரு தோற்றம் தரும்.

ஈரப்பசை இல்லாமல் இன்னொரு வழியும் இருக்கிறது. பசையைத் தடவி முழுக்கக் காயவிட்டு, அதன் மேல் தாளை வைத்து, மேலே ஒரு வெண்ணெய்த்தாளைப் போட்டு மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை அழுத்துங்கள். காய்ந்த வெள்ளைப் பசை சூட்டில் இளகித் தாளைப் பிடித்துக்கொள்ளும், சுருக்கமே வராது. தட்டையான மர ஃபிரேமுக்கு மட்டும், பிளாஸ்டிக் உருகிவிடும்.

நானே பிரிண்ட் எடுத்த படத்தை ஒட்டினால் மை கரைகிறதே?

இங்க்ஜெட் பிரிண்டராக இருக்கும். அதன் மை பெரும்பாலும் தண்ணீரில் கரையக்கூடியது. லேசர் பிரிண்டரிலோ ஜெராக்ஸிலோ எடுத்தால் கரையாது, ஏனென்றால் அது சூட்டில் உருக்கிப் பதித்த பொடி. இங்க்ஜெட்தான் இருக்கிறது என்றால் படத்தின் மேல் அக்ரிலிக் ஸ்ப்ரேயை இரண்டு முறை லேசாக அடித்துக் காயவிட்டு ஒட்டுங்கள்.

துணி சுற்றும்போது மூலைகள் மட்டும் அசிங்கமாக வருகின்றன. எப்படி வெட்டுவது?

துணியை ஃபிரேமைவிட எல்லாப் பக்கமும் 3 செ.மீ. பெரிதாக வெட்டி இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். நெருக்கமாக நெய்த பருத்தித் துணி நல்லது. பட்டு போன்ற மெல்லிய துணியில் பசை ஊறி முன்னால் கறையாகத் தெரியும். இழுபடும் துணியில் பூ வளைந்துவிடும்.

துணியைக் கவிழ்த்துப் போட்டு, ஃபிரேமின் முகப்பில் பசையை மெல்லியதாகத் தடவிக் கவிழ்த்து வையுங்கள். திருப்பி, உள்ளங்கையால் நடுவிலிருந்து நீவுங்கள். முதலில் வெளி மூலை. அங்கே துணியின் முனையைச் சாய்வாக வெட்டி எடுத்துவிடுங்கள், ஆனால் ஃபிரேமின் முனையை ஒட்டி வெட்டாமல், ஃபிரேமின் கனத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக, ஏறக்குறைய 2 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். பிறகு எதிரெதிர் இரண்டு பக்கத்தையும் பின்னால் மடித்து ஒட்டி, மூலையில் துருத்தும் சிறு முனையை நகத்தால் உள்ளே தள்ளிவிட்டு மற்ற இரண்டு பக்கத்தையும் மடிக்கவும். பரிசுப் பொட்டலம் கட்டுகிற அதே மடிப்புதான்.

உள் மூலைதான் சோதனை. நடுத் துணியில் 2 செ.மீ. ஓரம் விட்டு ஒரு செவ்வகத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்தச் செவ்வகத்தின் மூலையிலிருந்து ஃபிரேமின் உள் மூலையை நோக்கிச் சாய்வாக ஒரு வெட்டு. மூலையைத் தொடுவதற்கு 2 மி.மீ. இருக்கும்போது கத்தரியை நிறுத்துங்கள். முழுக்க வெட்டினால் மடிக்கும்போது அடியில் உள்ள மரம் எட்டிப் பார்க்கும். அதற்கும் வெகு முன்னாலேயே நிறுத்தினால் துணி இழுத்துக்கொண்டு சுருங்கும். வெட்டும் முன் அந்த இடத்தில் ஒரு பொட்டுப் பசை வைத்துக் காயவிட்டால் இழை பிரியாது. அதே நிறத்தில் கொஞ்சம் பெயின்டை உள் மூலையில் முன்கூட்டியே தடவிவைத்தால், தப்பித் தவறி மரம் தெரிந்தாலும் கண்ணுக்குப் படாது.

சணல் கயிறு சுற்ற எவ்வளவு நீளம் வேண்டும்?

10 × 15 செ.மீ. போட்டோவுக்கான ஃபிரேமை எடுத்துக்கொள்வோம். சட்டம் 3 செ.மீ. அகலம், 1.5 செ.மீ. கனம் என்றால் ஒரு சுற்றுக்கு 9 செ.மீ. கயிறு போகும். 2 மி.மீ. தடிமன் உள்ள கயிறு ஒரு செ.மீ.க்கு 5 சுற்று வரும், அதாவது 45 செ.மீ. உள் சுற்றளவு 50 செ.மீ. ஆகவே 22 மீட்டருக்கு மேல் போய்விடும். அதற்குப் பிறகும் நான்கு மூலையும் மூடாமல் நிற்கும், அங்கே பூவோ பட்டனோ வைத்து மறைக்க வேண்டும். எல்லாவற்றையும்விடத் தொல்லை, கயிறு காடி வழியாகவும் சுற்றி வருவதால் கண்ணாடிக்கு இடம் குறைந்துபோகும்.

அதற்குப் பதில் கயிற்றைச் சுற்றாமல், முகப்பில் உள் விளிம்பிலிருந்து ஆரம்பித்துச் செவ்வகம் செவ்வகமாக வரிசையாக ஒட்டிக்கொண்டே வெளியே வாருங்கள். 15 வரிசை, சராசரி 62 செ.மீ. என்று கணக்குப் போட்டால் 9 மீட்டர் சொச்சத்தில் முடிந்துவிடும். கண்ணாடியும் பழையபடி உட்காரும், மூலையும் மூடும். நான் இதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு மூலையிலும் கயிற்றை நகத்தால் அழுத்தி மடித்துவிட்டுத் திரும்புங்கள், இல்லாவிட்டால் வெளியே போகப் போக மூலை உருண்டையாகிவிடும்.

பட்டன், கல், சிப்பியை எப்படி அடுக்குவது?

பசையைத் தொடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஃபிரேமின் மேல் வெறுமனே அடுக்கிப் பார்த்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டும்போது பார்த்துக்கொள்ள அது போதும். பெரியவை முதலில், நடுத்தரம் அடுத்து, கடைசியில் இடைவெளிகளில் சின்ன மணிகள். நான்கு மூலையிலும் ஒரே மாதிரி வைப்பதைவிட ஒரு கீழ் மூலையில் குவித்து, இரு பக்கமும் மெலிந்துகொண்டே போகவிட்டால் பார்வை போட்டோவுக்குள் போகும்.

பின்னால் வளையம் உள்ள பட்டன்கள் தட்டையாக உட்காராது, அந்த வளையத்தைக் கட்டிங் பிளையரால் வெட்டி எடுங்கள். சிப்பிகளைக் கழுவி நன்றாகக் காயவைக்காமல் ஒட்டினால் நாற்றம் வரும். மேஜையில் நிற்கும் ஃபிரேமானால் கனத்தைக் கீழே வையுங்கள். மேல் பகுதியில் கற்களை ஏற்றினால் முன்பக்கமாகக் குப்புற விழும்.

ஜிகினா உதிராமல் இருக்க வழி உண்டா?

உண்டு. பசையில் தூவி, காய்ந்த பிறகு மென்மையான பிரஷால் ஒட்டாததையெல்லாம் தட்டிவிட்டு, மேலே வார்னிஷை இரண்டு கோட் கொடுத்து மூடிவிட வேண்டும். வார்னிஷ் போட்டால் மினுக்கம் கொஞ்சம் குறையும். முழு ஃபிரேமுக்கும் ஜிகினா போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விளக்கு வெளிச்சத்தில் ஃபிரேம்தான் கண்ணில் படும், முகம் படாது. உள் விளிம்பில் ஒரு மெல்லிய கோடு போதும்.

காற்றில் காயும் களிமண்ணில் பூ, இலை செய்து ஒட்டலாமா?

தாராளமாக. ஈரமாக இருக்கும்போதே ஃபிரேமில் ஒட்டிக் காயவைக்காதீர்கள். தண்ணீர் போகும்போது களிமண் சுருங்கும், அடியில் உள்ள மரம் சுருங்காது. நடுவில் விரிசல் விட்டு ஓரம் தூக்கும். தனியாகச் செய்து, 3 முதல் 5 மி.மீ. கனத்துக்குள் வைத்து, ஒரு நாளைக்கு இரண்டு முறை புரட்டிப் போட்டுக் காயவைத்துவிட்டு ஒட்டுங்கள். புரட்டாவிட்டால் மேல்பக்கம் மட்டும் காய்ந்து இலை கிண்ணம் போல வளையும். காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் இளகும் என்பதால் பெயின்டும் வார்னிஷும் அவசியம்.

புது ஃபிரேமுக்குப் பழைய தோற்றம் தர முடியுமா?

முடியும், அதற்கு ஒரு மெழுகுவர்த்தி போதும். முதலில் அடர் நிறம், உதாரணமாகப் பழுப்பு அடித்துக் காயவிடுங்கள். காலப்போக்கில் கை பட்டுத் தேயும் இடங்கள் எவை? மூலை, வெளி விளிம்பு, கீழ்ச் சட்டத்தின் நடு. அங்கே மட்டும் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு, முழுவதும் வெளிர் நிறம் அடியுங்கள். காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் மெழுகு இருந்த இடத்தில் மேல் நிறம் சுலபமாக உரிந்து பழுப்பு தெரியும். ஃபிரேம் முழுக்க ஒரே சீராகத் தேய்த்தால் பழையதாகத் தெரியாது, பெயின்ட் வேலை சரியில்லாதது போலத்தான் தெரியும்.

தங்க நிறம் வேண்டும், ஆனால் பெயின்ட் மங்கலாக இருக்கிறது?

தங்கப் பெயின்டுக்கு மூடும் திறன் குறைவு. அடியில் மஞ்சள் மண் நிறமோ செங்காவி நிறமோ அடித்துவிட்டு மேலே தங்கத்தைக் கொடுங்கள். தங்கரேக்கு ஒட்டும் பழைய கைவினைஞர்களும் சிவப்புக் களிமண் பூச்சின் மேல்தான் ஒட்டினார்கள். அடியில் சிவப்பு இருந்தால் தங்கம் சூடான நிறமாகத் தெரியும். கைவினைக் கடைகளில் கிடைக்கும் போலி ரேக்கு செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைதான். மேலே வார்னிஷ் பூசாவிட்டால் நாளாவட்டத்தில் கறுக்கும்.

பிளாஸ்டிக், உலோக ஃபிரேம்களை என்ன செய்வது?

தேய்த்து, பிளாஸ்டிக்குக்கோ உலோகத்துக்கோ ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருக்கும் பிரைமர் அடித்துவிட்டால் மற்றதெல்லாம் மரத்துக்குச் செய்வதேதான். ஒரே எச்சரிக்கை: தின்னர் கலந்த ஸ்ப்ரே பெயின்ட் பாலிஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக்கை அரித்துக் குழிவிழச் செய்யும். பின்பக்கம் ஒரு மூலையில் அடித்துப் பார்த்துவிட்டு முன்னால் வாருங்கள்.

கடைசியில் வார்னிஷ் கட்டாயமா?

பெயின்டுக்கும் ஒட்டிய காகிதத்துக்கும் ஆம், துணிக்கும் சணலுக்கும் வேண்டாம். தண்ணீர் அடிப்படையிலான அக்ரிலிக் வார்னிஷ் எடுங்கள். எண்ணெய் வார்னிஷ் நாளாக ஆக மஞ்சளிக்கும், வெள்ளை ஃபிரேமில் அது பளிச்சென்று தெரியும். ஸ்ப்ரேயாக அடிப்பதானால் காற்றோட்டமான இடத்தில். மேட்டா கிளாஸியா என்றால் நான் மேட் பக்கம். கண்ணாடியே பளபளக்கும்போது ஃபிரேமும் எதற்கு?

குழந்தைகளோடு சேர்ந்து செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

உட்காரும் முன்பே கண்ணாடியை எடுத்து உயரத்தில் வைத்துவிடுங்கள். முடிந்தால் அதற்குப் பதில் அதே அளவில் அக்ரிலிக் தகடு வெட்டிப் போடலாம். ஹாட் க்ளூவும் சூப்பர் க்ளூவும் குழந்தைகள் கைக்குப் போகக் கூடாது. 3 வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால் மணியும் சின்ன பட்டனும் வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும். ஃபோம் ஸ்டிக்கர், வண்ண டேப், விரல் ரேகைப் பதிவு போதும். பெயின்ட் அடிப்பது ஒரு நாள், ஒட்டுவது மறுநாள் என்று பிரித்துவிட்டால் காயும்வரை காத்திருக்க முடியாமல் வரும் சண்டை மிச்சம்.

பழைய ஃபிரேமைத் தேய்த்துப் புதுப்பிக்கலாமா?

பல பத்தாண்டுகள் பழைய, பெயின்ட் உரிந்த ஃபிரேமானால் அதை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்துப் பெயின்டுகள் பலவற்றில் ஈயம் இருந்தது, தூளாக மூச்சில் போனால் ஆபத்து. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத் தொடாமல் புது ஃபிரேம் வாங்கிவிடுவதே மேல்.

இதனால் உள்ளே இருக்கும் போட்டோவுக்கு ஏதாவது ஆகுமா?

அவசரப்பட்டால் ஆகும். பெயின்ட், பசை, வார்னிஷ் எல்லாம் கைக்குக் காய்ந்த பிறகும் சில நாள் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அதற்குள் கண்ணாடியைப் போட்டு மூடினால் அந்த ஈரம் உள்ளே தங்கும். வாசனை போகும்வரை ஃபிரேமைத் திறந்தே வையுங்கள்.

அடுத்தது, போட்டோ கண்ணாடியை நேராகத் தொடக் கூடாது. ஈரக்காற்றில் போட்டோவின் மேல் பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் படம் கண்ணாடியோடு வந்துவிடும். ஜன்னல் மாதிரி நடுவில் வெட்டிய மவுன்ட் அட்டையை இரண்டுக்கும் இடையில் வைத்தால் ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி கிடைக்கும். அமிலமற்றது என்று குறித்த அட்டையானால் மஞ்சளிக்காது. போட்டோவைப் பின் அட்டையில் பசை போட்டு ஒட்ட வேண்டாம். ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்றால் அதை ஸ்கேன் செய்து, பிரதியைச் சட்டத்தில் போட்டுவிட்டு அசலைப் பத்திரப்படுத்துங்கள்.

எந்தப் போட்டோவுக்கு எந்த அலங்காரம்?

இருபது பேர் நிற்கும் கல்யாண குரூப் போட்டோவுக்கு ஒரே நிறத்தில் எளிமையான ஃபிரேம். ஒற்றை முகம், பின்னால் வெறும் சுவர் என்றால் பூவும் சணலும் தாங்கும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அடர் நீலமும் பழந்தங்கமும் நன்றாகப் பொருந்தும். நிறம் தேர்ந்தெடுக்கும்போது போட்டோவில் அதிகமாக இருக்கும் நிறத்தை எடுக்காதீர்கள். எங்கேயோ கொஞ்சமாக இருக்கும் ஒன்றை, பின்னால் தெரியும் கதவின் நிறத்தையோ ரிப்பனின் நிறத்தையோ எடுத்து ஃபிரேமில் அடியுங்கள். மொத்தத்தில், முதலில் போட்டோவைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் அலங்காரப் பொருள் பெட்டியைத் திறக்க வேண்டும்.

சுவரில் மாட்டக் கனம் தாங்குமா?

ஒட்டுக் கொக்கியில் மாட்டுவதானால் எடை பாருங்கள். 2 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோ. 20 × 25 செ.மீ. கண்ணாடி மட்டும் கால் கிலோ வரும். அதோடு சட்டம், கற்கள், எபாக்சி. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, கொக்கியின் அட்டையில் போட்டிருக்கும் அளவுக்குப் பாதிக்குள் இருந்தால் மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஆணிதான்.

ஒட்டியது பிடிக்கவில்லை. எடுத்துவிட முடியுமா?

ஹாட் க்ளூவின் ஓரத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு வைத்தால் பிடி விட்டுவிடும், அப்படியே நெம்பலாம். வெள்ளைப் பசைக்கு வெதுவெதுப்பான ஈரத்துணியைப் போட்டு ஊறவிடுங்கள். சூப்பர் க்ளூவை அசிட்டோன் கரைக்கும், ஆனால் பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைக்கும். எபாக்சி போட்டிருந்தால் அதோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள்.

தூசி படிந்தால் எப்படிச் சுத்தம் செய்வது?

காய்ந்த மென்மையான பெயின்ட் பிரஷ், சணலுக்கும் துணிக்கும் குளிர்காற்றில் வைத்த ஹேர் டிரையர். கண்ணாடி துடைக்கும் திரவத்தை மட்டும் ஃபிரேமின் மேல் நேராக அடிக்காதீர்கள். கண்ணாடியில் வழிந்து கீழ் விளிம்பில் இறங்கி, அங்கிருந்து போட்டோவின் அடிப்பக்கம் ஏறும். துணியில் அடித்து, அந்தத் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்து, விளிம்புக்கு ஒரு விரல் முன்னால் நிறுத்துங்கள். மிச்சத்தைக் காய்ந்த துணியால் துடைத்துக்கொள்ளலாம்.